இல்லாத விரல்

ஸ்ரீபெரும்புதூர்
23.6.1991

ஸ்டூடியோ உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், நீங்கள் தபாலில் அனுப்பிய படங்களை ஜன்னலோரம் பரப்பி வைத்து என் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டில் பதினொரு படங்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. ஏரிச் சேற்றை இவ்வளவு தெளிவாக யாரும் அச்சிட்டுத் தந்ததில்லை. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் 120 அளவு ஃபிலிம் ரோலைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள்தான் உங்கள் முகவரியைத் தந்தார்கள். உறையின் மேல் உங்கள் ஸ்டூடியோ பெயரை எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுப்பியது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாவது படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அது ஒரு மடையானின் கால் தடம். வயலோரம் கூனிக்கொண்டு மண் நிறத்தில் நிற்கும், பறக்கும்போது மட்டும் வெள்ளையாகிவிடும், அந்தக் கொக்கு. அதன் காலில் முன்பக்கம் மூன்று விரல், பின்பக்கம் ஒன்று. நான் எடுத்த மடையானுக்கு இடது காலில் வெளிப்பக்க விரல் கிடையாது. சேரப்பணஞ்சேரி ஏரியில் இறங்கும் அத்தனை பறவைகளிலும் ‘இது அதேதான்’ என்று என்னால் சொல்ல முடிந்தது இது ஒன்றைத்தான். பிப்ரவரியிலிருந்து விடுமுறை நாள்களில் காலை ஆறரைக்கு முதல் பஸ்ஸில் போய் அதன் தடத்தைப் பின்தொடர்ந்து வருகிறேன். பறவையைப் பார்த்தது நான்கைந்து தடவைதான். தடத்தில் அது எங்கே நின்றது, எங்கே பயந்து பறந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சரியான வெயிலில், சரியான ஈரத்தில் அதன் இடது கால் முழுசாக விழுந்தது ஒரே ஒரு நாள். அன்று எடுத்ததுதான் ஏழாவது படம்.

நீங்கள் அனுப்பிய அச்சில் நான்கு விரல்களும் இருக்கின்றன.

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரோ வேலை செய்திருக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இதைப் பழையபடி ஆக்க வழி உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கு. காந்திமதி
உயிரியல் ஆசிரியை


காஞ்சிபுரம்
29.6.1991

டீச்சர் அம்மா அவர்களுக்கு, ஸ்டூடியோ அப்பாவு அவர்களின் மனைவி அம்சவல்லி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். இந்த ஸ்டூடியோவில் படம் பிடிப்பது அவர். நெகட்டிவில் கை வைப்பது நான். அந்த விரலை வைத்த கை என்னுடையதுதான்.

ரோலோடு வைத்த சீட்டில், புத்தகத்துக்குப் போகும் படங்கள், கவனமாக அச்சிடவும் என்று எழுதியிருந்தீர்கள். மூக்குத்தி இல்லாத பெண்ணுக்கு மூக்குத்தி வைப்பேன், மூடிய கண்ணைத் திறந்து வைப்பேன், மாறுகண்ணை நேராக்குவேன். பழக்கம். ஏழாவது படத்தில் ஒரு விரலைச் சேறு மூடிவிட்டது போலிருக்கிறது, டீச்சர் பாவம் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மற்றப் படங்களில் இருந்த கால்களை லென்ஸ் வைத்து அளந்து பார்த்து, அதே நீளம், அதே நகம் வைத்தேன். அரை நாள் ஆயிற்று. பெருமையாகத்தான் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அவர் கேட்டார்: “மனுசங்கள வுட்டுட்டு இப்ப கொக்குக்கும் கால் வெக்கிறியா நீ?” எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பென்சிலால் செய்திருந்தால் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போய்விடும், நெகட்டிவ் பழையபடி ஆகிவிடும். ஆனால் பென்சில் வைத்த இடம் அச்சில் வெளுப்பாகத்தான் விழும். கருப்பாக விழ வேண்டுமென்றால் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். விரலின் பள்ளம் கருப்பு. கத்தியால் எடுத்தது திரும்பி வராது, டீச்சர் அம்மா.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தக் கொக்கு அங்கேயேதான் இருக்கிறதா?

அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
14.7.1991

அன்புள்ள அம்சவல்லி அம்மாவுக்கு,

கோபமாக இன்னொரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். உங்கள் பதில் வந்ததும் அதைக் கிழித்துவிட்டேன். இல்லாத விரலுக்கு நகமும் வைத்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் கோபம் போய்விட்டது.

கொக்கு இருக்கிறது. போன ஞாயிறு மதகுப் பக்கம் அதன் தடத்தைப் பார்த்தேன். மண் காய்ந்து பாளம் வெடித்திருந்ததால் கால் அரைகுறையாக விழுந்திருந்தது. ஏரியில் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. அதைச் சுற்றித்தான் எல்லாப் பறவைகளும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தண்ணீர் கரை வரை ஏறிவிடும். அதற்குள் இன்னொரு தடவை அந்த இடது கால் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அங்கே ஆடு மேய்க்கும் பாப்பம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். முதலில் அவர் ஆடுகள்தான் என் எதிரி. நான் குனிந்து ஃபோகஸ் செய்வதற்குள் நாற்பது குளம்புகள் தடத்தின் மேல் ஓடிவிடும். ஒரு நாள் கேட்டார்: “பட்சி பறந்து பூட்ச்சு, வெறும் மண்ண இன்னாத்துக்குப் படம் புடிச்சிகினு கீறே டீச்சரு?” விரல் இல்லாத தடத்தைக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். கண்ணியில் மாட்டி அறுத்துக்கொண்டு போயிருக்கும், தப்பித்ததே பெரிசு என்றார். அன்றிலிருந்து ஆடுகளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறார். “உன் கொக்கு அந்தாண்ட போயி நின்னுகினு கீது” என்று கரையிலிருந்தே குரல் கொடுக்கிறார்.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த ஊரில் காமிராவோடு நடப்பது எளிதாக இல்லை. உங்களுக்கே தெரியும். போன வாரம் பஸ் நிலையத்தில் ஒரு காவலர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நீங்கள் அச்சிட்ட படங்கள்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தார், பறவை எங்கே என்று கேட்டார். போய்விட்டது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் அப்பா உடும்புத் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்லிப் பையைத் திருப்பித் தந்தார்.

இத்துடன் இரண்டாவது ரோலை வைத்திருக்கிறேன். மண்ணில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

புத்தகத்தைப் பற்றி. சென்னையில் பறவை பார்ப்பவர்களின் சங்கம் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறு புத்தகங்கள் போடுகிறது. என்னுடையது ஏரிக்கரைத் தடங்களைப் பற்றி. பன்னிரண்டு பறவை, பன்னிரண்டு பக்கம். டிசம்பர் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. சங்கத்தின் செயலாளர் சிவசங்கர் நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். பின்னட்டையில் என் புகைப்படம் வேண்டுமாம். ‘உங்களைப் பார்த்தால்தான் டீச்சர், ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நாமும் இதைச் செய்யலாம் என்று தோன்றும்’ என்று எழுதியிருக்கிறார். முடியாது என்று எழுதிவிட்டேன். மறுபடியும் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
காந்திமதி


காஞ்சிபுரம்
28.7.1991

அன்புள்ள காந்திமதி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா? எனக்கு வயது நாற்பத்து மூன்று. கடிதத்தில் நீங்கள் பேசுவதைப் பார்த்தால் ஒரு வயதாவது மூத்தவராக இருப்பீர்கள் என்று தோன்றியது. தப்பென்றால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள்.

ரோல் கழுவி, அச்சுப் போட்டு, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கத்தியையும் பென்சிலையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். என் மேஜை கிழக்கு ஜன்னலோரம் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு வெயில் பக்கவாட்டில் வந்து என் நாற்காலியின் இடது கை மேல் விழும். பத்தேகாலுக்கு எதிர்வீட்டு மாடி மறைத்துவிடும். அந்த முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து உங்கள் மண்ணைப் பார்த்தேன். நெகட்டிவை லென்ஸ் வைத்துப் பார்த்து எதையும் சரிசெய்யாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. கை பரபரவென்று இருந்தது.

மூன்றாவது படத்தில் சின்னச் சின்னதாக ஊசி குத்தினது போல இருக்கிறதே, அது உள்ளான் குருவி மூக்கை விட்டு இரை தேடின இடமா? கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் பார்க்காமல் நானே கண்டுபிடித்தேன். எட்டாவதில் தடம் திடீரென்று நின்றுவிடுகிறது, இரண்டு பக்கமும் விசிறி போலக் கீறல். பறந்துவிட்டது, இல்லையா? இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பறந்துபோனத எப்பிடி படம் புடிச்சாங்க?” என்றார். புரிய வைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மனக்குறை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நாள் பூரா பஸ் இருக்கிறது. நீங்கள் பதிவுத் தபாலில் ரோல் அனுப்புகிறீர்கள். ஒரு நடை வந்தால் என்ன? சாப்பிட்டுவிட்டுப் போகலாமே.

பின்னட்டைப் படத்துக்கு இவ்வளவு யோசனை எதற்கு, அக்கா? வாருங்கள், இவர் எடுக்கட்டும். நான் செய்து தருகிறேன். பத்து வயது குறைத்து, யாரும் குறை சொல்ல முடியாதபடி. என் வேலை அதுதானே. உங்களுக்கு நான் ஒரு விரல் கடன்பட்டிருக்கிறேன்.

உங்கள்,
அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
11.8.1991

அன்புள்ள அம்சவல்லிக்கு,

வயது நாற்பத்து நான்கு. அக்கா என்றே எழுதலாம்.

நான் பஸ்ஸில் வராததற்குக் காரணம் இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

1969 தை மாதம் என் அப்பா என்னை உங்கள் ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். வரன் பார்க்கப் படம் வேண்டியிருந்தது. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. முகம் முழுக்கத் தழும்பு. நெற்றியில் குறைவு, கன்னங்களில் அதிகம், மூக்கின் நுனியில் ஒன்று. அப்பா உள்ளே போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. என் முகத்தில் ஒன்றுமே இல்லை. வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நானும்தான். எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லி அனுப்பியது. உறுதி செய்ய வந்தார்கள். நான் காபி தம்ளர்களோடு கூடத்துக்கு வந்தேன். எல்லோருக்கும் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாங்கிக்கொண்டு, கையில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, என் அம்மாவிடம், “பொண்ண வரச் சொல்லுங்கம்மா, பாத்துட்டுக் கெளம்பணும்” என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. என்னை யாரோ உறவுக்காரப் பெண் என்று நினைத்துவிட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வேறு யாரையும் அழைத்து வரவில்லை. எனக்கு வேலை கிடைத்தது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து இந்தக் காமிராவைக் கொண்டுவந்து தந்தபோது உடனே கற்றுக்கொண்டேன். காமிராவுக்குப் பின்னால் நிற்பவரை யாரும் முன்னால் வந்து நிற்கச் சொல்வதில்லை. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தின் எல்லாக் குழுப் படங்களையும் நான்தான் எடுத்திருக்கிறேன். ஒன்றிலும் நான் இல்லை.

யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் என் முகத்தைச் செய்து தருகிறேன் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம்.

காந்திமதி


காஞ்சிபுரம்
30.8.1991

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

வெள்ளைச் சேலை, அகலக் கரை. தலையில் கனகாம்பரம். சரிதானே?

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு மாதம். மாமனார்தான் தொழில் கற்றுக்கொடுத்தார். அதுவரை சுவர்க் கறை, சேலைச் சுருக்கம் என்று சில்லறை வேலைதான் கொடுப்பார். முதன்முதலாகக் கொடுத்த முகம் உங்களுடையது. இதைச் சரிபண்ணிவிட்டால் நீ தேறிவிட்டாய் என்றார். மூன்று நாள், ஒவ்வொரு தழும்பாகப் பென்சில் முனையால் மூடினேன். முடித்தபோது மாமனார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பிரதியை எடுத்து வாசல் ஷோகேஸில் வைத்தார். பதினோரு வருஷம் அது அங்கே இருந்தது, அக்கா. வருகிறவர்கள் எல்லாம், இதுமாதிரி வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டுவார்கள். நான் இந்தத் தொழிலில் பேர் வாங்கியது உங்கள் முகத்தால்.

அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தைகள் இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். என்னால் ஆன உதவி என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம்.

போன திங்கட்கிழமை பழைய பெட்டிகளை எல்லாம் இறக்கித் தேடினேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நெகட்டிவ் கிடைத்தது. நல்ல வேளை, அது முழுக்கப் பென்சில் வேலை. கத்தி படவில்லை. பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று நாளில் வைத்தது அரை மணியில் போய்விட்டது. பிறகு ஒரு அச்சுப் போட்டேன்.

அதை ஒட்டிய உறையில் வைத்து அனுப்புகிறேன். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம். கிழித்துப் போட்டாலும் சரி. அதில் நான் ஒன்றும் செய்யவில்லை என்பது மட்டும் சத்தியம்.

அம்சவல்லி


காஞ்சிபுரம்
29.9.1991

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. நான் செய்தது தப்பாகப் போய்விட்டதா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உங்கள் கையெழுத்தில் முகவரி மட்டும் எழுதி ஒரு வெற்றுக் கார்டு போட்டால்கூடப் போதும். கொக்கு கிடைத்ததா?

அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
20.10.1991

அன்புள்ள அம்சவல்லிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. காலாண்டுத் தேர்வுத் தாள்கள் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் உறையைப் பிரிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, அதை முடிவு செய்யாமல் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஏரிக்கும் என்னோடு வந்துபோகிறது.

நீங்கள் செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கொக்கைப் பற்றிச் சொல்கிறேன். சிரிப்பீர்கள். போன சனிக்கிழமை வானம் மூடிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விட்டால் கிடையாது என்று கிளம்பினேன். ஏரிக்குள் இறங்கும்போதே பதினொரு படம் தீர்ந்திருந்தது. மிச்சம் ஒன்று. அதை மடையானுக்கென்று வைத்திருந்தேன். குட்டையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் தேடினேன். இல்லை. திரும்பும்போது பாப்பம்மாள் வழி மறித்தார்.

“ஆறு மாசமா பாத்துகினு கீறேன். கொக்கு காலு, நார காலு, நண்டு வள எல்லாத்தையும் புடிக்கிறே. என்னிய ஒண்ணு புடிச்சா இன்னா, உன் பொட்டி ஒடஞ்சிடுமா?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மேகம் விலகி ஒரு பக்கமாக வெயில் அடித்தது. நிற்கச் சொன்னேன். சேலையைச் சரிசெய்துகொள்ளவில்லை, தலையைக் கோதவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு நேராகக் காமிராவைப் பார்த்தார். எடுத்தேன். ஃபிலிம் முடிந்தது. பத்தடிகூட நடந்திருக்க மாட்டேன். புது ஈரத்தில், அச்சுக் குத்தினது போல, மடையானின் இடது கால். விரல் இல்லாத இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பம்மாள் வந்து பார்த்துவிட்டு, “அடிப்பாவி, என்னால போச்சா?” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்.

ரோலை அனுப்பியிருக்கிறேன். பாப்பம்மாளின் படத்தைப் பெரிதாக ஒரு அச்சுப் போட்டுத் தாருங்கள். எதுவும் செய்யாமல். அவர் முகத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் வர வேண்டும்.

அன்புடன்,
காந்திமதி


காஞ்சிபுரம்
2.11.1991

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் பாலை வைத்ததை மறந்தேன். பொங்கி அணைந்துவிட்டது. இவர்தான் அடுப்பைத் துடைத்தார்.

பாப்பம்மாள் படம் இத்துடன். அச்சுத் தட்டில் முகம் மெதுவாக எழும்பி வந்தபோது தட்டை ஆட்டுவதை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை கோடு, எத்தனை பள்ளம், கண்ணோரம் வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கி விழுந்த மடிப்பு. பழைய அம்சவல்லியாக இருந்தால் நாலு நாள் வேலை என்று கணக்குப் போட்டிருப்பேன். இவர் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “வெளிச்சத்த எங்க வெச்சாங்க உங்க அக்கா?” என்று கேட்டார். முகத்துக்கு நேராக விளக்கு வைத்தே வாழ்நாளெல்லாம் எடுத்தவர். பக்கத்து வெயில் என்றேன். முகம் பேசுகிறது என்றார். இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

கொக்கு போனதற்கு மன்னித்துவிடுங்கள். நான் அந்த விரலை வைக்காமல் இருந்திருந்தால் நீங்கள் மழைக்கு முன்னால் இத்தனை அலைந்திருக்க வேண்டாம். புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு என்ன செய்வீர்கள்?

தீபாவளிக்குக் கொஞ்சம் அதிரசம் டப்பாவில் வைத்திருக்கிறேன். உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டுங்கள்.

உங்கள்,
அம்சவல்லி


ஸ்ரீபெரும்புதூர்
17.11.1991

அன்புள்ள அம்சவல்லிக்கு,

அதிரசம் உடையாமல் வந்தது. பாப்பம்மாளுக்குப் பாதி போயிற்று.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, விளக்கைப் போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து நீங்கள் அனுப்பிய உறையைப் பிரித்தேன்.

ஏன் இன்று என்றால், நேற்று பாப்பம்மாளின் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏரி நிரம்பியதால் ஆடுகள் கரை மேலேயே மேய்கின்றன. பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருத்தி, “இன்னா டீச்சர், இவ்ளோ சுருக்கமா வந்துகீது, கொஞ்சம் அழகா எடுக்கக் கூடாதா?” என்று கேட்டாள். பாப்பம்மாள் படத்தைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு அவளிடம், “ஏண்டி, வேற யாரு மூஞ்சின்னு நெனச்சே? நாந்தான். நல்லாத்தான் கீறேன்” என்றார். ஆணி தேடிப் போய்விட்டார். அடுப்புக்கு மேலே புகை படும் என்று வாசல் கதவுக்கு நேராக மாட்டினார். உள்ளே வருகிற எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உறையில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. கனகாம்பரம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். விளக்கை நேரே வைத்திருப்பதால் தழும்புகள் பாதிதான் தெரிகின்றன, மதிய வெயிலில் சேற்றுத் தடம் தெரிவதைப் போல. ஆனால் இருக்கின்றன. மூக்கின் நுனியில் இருக்கும் அந்த ஒன்றும் இருக்கிறது. வெகுநேரம் பார்த்தேன். அவள் மேல் எனக்கு இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. இவளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. வாலாஜாபாத் அம்மா இந்தப் படத்தை வைத்துக்கொண்டு வந்திருந்தால் பெண்ணை வரச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். பிடிக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார். அது வேறு.

மடையான் பக்கத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நான்கு விரல் படத்தைத்தான் போடப்போகிறேன். அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மடையானின் இடது கால். இந்தப் பறவைக்கு இந்தக் காலில் ஒரு விரல் கிடையாது. படத்தில் தெரியும் விரல்களில் ஒன்று காஞ்சிபுரம் அம்சவல்லி அன்போடு வைத்தது. எது அந்த விரல் என்று கண்டுபிடியுங்கள்.’ பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சிவசங்கர் என்ன சொல்வாரோ தெரியாது. நகம் அவ்வளவு சரியாக இருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

இன்னொன்று இருக்கிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பின்னட்டைப் படம் கேட்ட சிவசங்கரின் கடைசிக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. அண்ணனுக்கும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்க்கப்போவதில்லை. சனிக்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். கத்தியும் பென்சிலும் பீரோவிலேயே இருக்கட்டும். அப்பாவு அவர்களிடம் விளக்கு எதுவும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை, வெயில் பக்கவாட்டில் விழும்போது, ஜன்னலோரம் உங்கள் நாற்காலியில் உட்காரப்போகிறேன்.

உங்கள் அக்கா,
காந்திமதி